பாதிக்குப் பாதி

செப்டம்பர் மாதத்தில் நான் குதி உயர்ந்த காலணி போடுவதில்லை. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். பள்ளி திறந்த புதிதில் உட்காரவே நேரமிருக்காது. கவுண்டருக்கும் கோப்பு அறைக்கும் நடந்து நடந்து சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்காருவேன். முன்பெல்லாம் என் கணவர் வெந்நீர் வைத்துத் தருவார். அவர் இப்போது ஃபுளோரிடாவில் இருக்கிறார், வேறொருத்தியோடு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், மசூரெக் அய்யா. என் பெயர் ஆர்லீன் கோஸ்டர். ஃபேர்லி ஹில் பள்ளியில் மாணவர் சேர்க்கையைப் பார்த்துக்கொள்பவள். எங்கள் தலைமையாசிரியர் டாக்டர் விட்லோவை இரண்டு தடவை இந்தக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து விசாரித்தீர்களாம். ராய்ஸ் கின்ஸிக்குப் போன அழைப்பு அவருடைய அறைத் தொலைபேசியிலிருந்து போயிருக்கிறது, அதனால் அவர்மேல் சந்தேகம். அது சரியில்லை. அவர் கண்ணியமான மனிதர். ஒரு கறுப்பர் என்றால் முதலில் அவரைச் சந்தேகப்படுகிற பழக்கம் இந்த ஊரை விட்டு இன்னும் போகவில்லை. என் மனசுக்கு அது ஒப்பவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

உங்கள் பிள்ளைகள் புறநகரில் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பாகச் சொல்லவில்லை, இங்கே வெள்ளையர்கள் எல்லோரும் அப்படித்தான். ஆகவே எங்கள் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிதான். ஆனால் எந்தத் தெருவில் வீடு என்று பார்த்துச் சேர்ப்பதில்லை. நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். வயலின் சொல்லித்தருகிறோம், மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிறோம், மூன்றாம் வகுப்பிலேயே பிரெஞ்சு உண்டு. இதெல்லாம் எதற்கு என்றால், கறுப்பர்கள் வாழும் பகுதிக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளை இழுப்பதற்கு. இழுக்கிற பள்ளி, அதனால் காந்தப் பள்ளி என்று பெயர். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துப் படிக்கவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட நீதிமன்றம் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வகுப்பிலும் பாதி கறுப்பர், பாதி மற்றவர். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அதற்குமேல் ஒரு பக்கமாகச் சாயக் கூடாது.

நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஒரு கறுப்புக் குழந்தையும் ஒரு வெள்ளைக் குழந்தையும் ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிப்பதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை.

பிறகு டயர் தொழிற்சாலையை மூடினார்கள். எங்கள் தெருவில் வெள்ளையர்கள் புறநகருக்குப் போகப் போக ஒவ்வொரு வீடாகக் காலியாயிற்று. முதலில் ஹூபர் குடும்பம். அப்புறம் எதிர்வீட்டு நோவாக்குகள். அப்புறம் என் சொந்தத் தங்கை. எல்லோரும் லாரியில் சாமான் ஏற்றும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். "பள்ளிக்கூடத்துக்காகத்தான் போறோம் ஆர்லீன், வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் வேலை பார்த்தேன் என்பது அவர்கள் யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததில்லை. நான் மட்டும் போகவில்லை. இப்போது நினைத்தாலும் போக முடியாது. அந்த வீட்டை வாங்க ஆள் இல்லை.

வெள்ளையர்கள் போகப் போக வகுப்புகளில் அவர்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. கறுப்பர் பக்கத்திலோ காத்திருக்கும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில். காலி நாற்காலியில் அவர்களை உட்காரவைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. உட்காரவைத்தால் பாதிக்குப் பாதி போய்விடும். அது போனால் காந்தப் பள்ளி என்கிற தகுதி போய்விடும். வயலினும் தொலைநோக்கியும் வேறு ஊருக்குப் போகும். ஆகவே நாற்காலிகள் காலியாகவே கிடந்தன, பிள்ளைகள் வெளியே நின்றார்கள், நான் இரண்டுக்கும் நடுவில் கவுண்டரில் நின்றேன்.

ஓடெல் ரெய்னி என்று ஒருவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய மகள் ஷெரீஸ் மூன்று வருடமாகக் காத்திருந்தாள். அவர் சீருடையோடு வருவார், தொப்பியைக் கழற்றி கவுண்டரின்மேல் வைப்பார்.

"என் பொண்ணுக்கு எடம் வந்துச்சா மேடம்?"

"வரிசையில இருக்கா மிஸ்டர் ரெய்னி."

"வர்ற வழியில கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். அஞ்சாம் வகுப்புல நாலு நாற்காலி சும்மா கெடக்கு."

"அது அந்தப் பக்கத்து நாற்காலி."

"ஓ. நாற்காலிக்குக்கூட தோல் நெறம் வந்துடுச்சா?"

"உத்தரவு நான் போட்டதில்ல. நீதிமன்றம் போட்டது. உங்க பிள்ளைங்க நல்லதுக்குத்தான் போட்டது."

"அப்படியா? எங்க பிள்ளைங்க நல்லதுக்குன்னு போட்டு எங்க பிள்ளைங்களையே வெளிய நிக்க வெச்சிருக்காங்க. வெள்ளைக்காரங்க மனசு மாறி வர்ற வரைக்கும் நாங்க நிக்கணும். நான் பஸ் ஓட்டுறவன் மேடம். காலி சீட்ட வெச்சுக்கிட்டு, கை காட்டுறவங்கள ஏத்தாமப் போனேன்னா அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்கள மட்டும் எப்படி வெச்சிருக்காங்க?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பாமல் வெகுநேரம் இருந்தேன். அவர் நினைத்ததுபோல நான் கதவைச் சாத்துகிறவள் இல்லை. கதவைத் திறக்க வேண்டுமென்றால் ஒரு வெள்ளைக் குழந்தை வேண்டும். ஒன்று வந்தால் ஒன்று. அவ்வளவுதான் என் கையில் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் டார்லா கின்ஸி வந்தாள். வெள்ளைக்காரி, கூட மூன்று பிள்ளைகள். மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பக்கத்துக்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை. ஓக்லி தெருவில் யாரோ தோழி வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். அந்த வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை அணிந்திருந்தாள். குனிந்து கையெழுத்துப் போடும்போது காலர் விலகியது. காதுக்குக் கீழே மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த காயம் தெரிந்தது. விரல்கள் பதிந்த தடம்.

"பிள்ளைங்க அப்பா பேரு?" என்று கேட்டேன்.

"அதக் கட்டாயம் போடணுமா மேடம்?"

"விட்டுடலாம் கண்ணு."

"நாங்க இங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியக் கூடாது. யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா..."

"இங்க அப்படி யாரும் இல்லன்னு சொல்லிடுவேன். போதுமா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சலவைச் சோடாவில் வெந்துபோன கை. "நீங்க நல்லா இருப்பீங்க மிஸ் ஆர்லீன்" என்றாள். சின்னவள் அதற்குள் கவுண்டரைச் சுற்றி வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், நான் அவளை வைத்துக்கொண்டே தட்டச்சு செய்தேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் என் மனதில் அவர்கள்மேல் இரக்கம் இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. மூன்று என்ற எண்.

அன்று மதியமே ரெய்னியின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுநாள் காலையில் ஷெரீஸ் வந்து ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு கறுப்புக் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்தது. ரெய்னி அந்த வாரம் தன் மனைவி செய்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். "வாய்த்துடுக்கா நெறையப் பேசிட்டேன் மேடம். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அந்த இனிப்பை நான் மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் நடுவில் ராய்ஸ் தொலைபேசியில் வந்தார். நகரத்தின் பள்ளிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மிகவும் மரியாதையான குரல்.

"என் மூணு பசங்களத் தேடிட்டிருக்கேன் மேடம். கின்ஸின்னு பேரு."

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லிங்க."

"பரவால்லிங்க. ஒருவேளை வந்தா, என் நம்பரக் குறிச்சுக்கிறீங்களா? நான் சத்தம் போடுற ஆளு இல்லிங்க. பசங்களப் பாக்கணும், அவ்வளவுதான்."

குறித்துக்கொள்ளவில்லை. எண்கள் என் மனதில் தாமாகவே தங்கிவிடும். டார்லாவுக்குக் கொடுத்த வாக்கை அன்று காப்பாற்றினேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூத்தவள் டெஸ்ஸா வயிற்றுவலி என்று அடிக்கடி அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். வயிற்றில் ஒன்றும் இருக்காது. கோப்பு அறையில் எனக்கு உதவிக்கொண்டு நிற்பாள். அந்த அறையைப் பார்த்திருப்பீர்கள். சன்னல் கிடையாது, ஒரே கதவு, உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி உடைந்து பல வருடம் ஆகிறது. அவள் கதவை எப்போதும் ஒரு நாற்காலி வைத்துத் திறந்தே வைப்பாள். ஏன் என்று கேட்டேன்.

"மூடிக்கிட்டா?"

"மூடிக்கிட்டா நான் தெறந்துவிடுவேன்ல?"

"எங்கப்பா அம்மாவ நிலவறையில வெச்சுப் பூட்டிடுவாரு" என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. "சின்ன சன்னல் ஒண்ணு இருக்கும். நானும் தம்பி வேடும் அது வழியா ரொட்டி போடுவோம். கடைசித் தடவ தெறந்துவிடும்போது, அடுத்த தடவ உன்ன இங்கயே பொதச்சிடுவேன்னாரு."

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினேன். கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க நான் இங்கே வரவில்லை.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை டார்லா அலுவலகத்துக்கு வந்தாள். வேலைச் சீருடையிலேயே ஓடிவந்திருந்தாள், உட்காரவில்லை.

"மிஸ் ஆர்லீன், நாங்க கெளம்பணும். ராய்ஸோட சித்தப்பா மகன் என்னை வேலை எடத்துல பாத்துட்டான்."

"எங்க போவ?"

"டென்னஸீல அக்கா வீட்டுக்கு."

"ஒரு வாரம் பொறுத்துக்கோ கண்ணு."

"ஒரு வாரமா? உங்களுக்கு அவனத் தெரியாது."

அந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் வாரம் தலை எண்ணும் வாரம். நீதிமன்றத்தின் கண்காணிப்பாளர் வருவார். எந்த வகுப்பில் வெள்ளைப் பிள்ளைகள் எல்லைக்குக் கீழே குறைந்திருக்கிறார்களோ, அங்கே கடைசியாகச் சேர்ந்த கறுப்புப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிச் சமன் செய்ய வேண்டும். வாரம் முடிவதற்குள் இந்த மூன்று பேர் போனால் ஷெரீஸ் போக வேண்டும். மற்ற இரண்டு பேரும் போக வேண்டும். ரெய்னி தொப்பியைக் கவுண்டரில் வைத்து என்னைப் பார்ப்பார். வாரம் முடிந்தபின் போனால் ஒன்றுமில்லை, அடுத்த வருடம் வரை யாரும் கேட்கமாட்டார்கள்.

டார்லாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருக்க மாட்டாள். போகிறவர்களுக்கு மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கவலை இருந்ததே இல்லை. என் தெருவில் அதைத்தான் பார்த்தேன்.

"இங்க ஒனக்குப் பாதுகாப்பு கண்ணு. வாசக் கதவு பூட்டியே இருக்கும். நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க நல்லவங்க. ஆனா நீங்க ஒருநாளும் ஓட வேண்டி வந்ததில்ல மிஸ் ஆர்லீன்." அவள் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "திங்கக்கிழமை சம்பளத்த வாங்கிட்டு செவ்வாக்கிழமை காலையில கெளம்பிடுறோம். சர்ட்டிபிகேட் இல்லன்னாலும் பரவால்ல."

"சர்ட்டிபிகேட் இல்லாம அங்க எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துக்க மாட்டாங்க" என்றேன். அது உண்மையில்லை. சேர்த்துக்கொள்வார்கள், பின்னால் தபாலில் போகும். "செவ்வாக்கிழமை காலையில எப்பவும்போலப் பிள்ளைங்கள வகுப்புல விடு. பத்து மணிக்கு வா. எல்லாத்தையும் எடுத்து வெக்கிறேன்."

அவள் தலையாட்டினாள். எங்கும் படித்துத் தேறாத பெண், கையெழுத்து முத்திரை என்றால் பயம். அந்தப் பயத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

சனியும் ஞாயிறும் யோசித்தேன். தோட்டத்தில் இலைகளைக் கூட்டிக்கொண்டே யோசித்தேன். எங்கள் பள்ளியில் இதற்குமுன் பார்த்திருக்கிறேன், ஒரு தகப்பன் ஆட்சேபித்தால் குடும்ப நீதிமன்றம் விசாரணை முடியும்வரை பிள்ளைகள் ஊரை விட்டு நகரக் கூடாது என்று தடை போடும். தடை இருந்தால் பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள், இங்கேயே படிப்பார்கள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் முழுக்க இப்படியே நினைக்க முடிந்தது.

திங்கள் மதியம் டாக்டர் விட்லோ சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். என் தொலைபேசி கவுண்டரில் எல்லோருக்கும் நடுவில் இருப்பது. அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ராய்ஸைக் கூப்பிட்டேன்.

"உங்க மனைவி பிள்ளைங்கள வேற மாநிலத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீங்க இன்னிக்கே கோர்ட்டுக்குப் போய் ஆட்சேபணை சொல்லலாம்" என்றேன்.

"கோர்ட்டுன்னா நாளாகுமே மேடம்" என்றார். "அவ எப்ப வர்றா?"

சொன்னேன்.

மறுநாள் காலை பிள்ளைகள் மூவரும் வந்தார்கள். டெஸ்ஸா இசை வகுப்புக்குப் போகும்போது கவுண்டரில் நின்று, "இன்னிக்கு நாங்க ஊருக்குப் போறோம், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்.

டார்லா சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பாகவே வந்தாள். வண்டியில் மூட்டைகளைக் கட்டி வைத்திருந்தாள். நான் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாற்போல இருந்தது அவள் முகம். "தலைமையாசிரியர் கையெழுத்துக்குப் போயிருக்கு, வாசல்ல நின்னா யார் கண்ணுலயாச்சும் படுவ, உள்ள உக்காரு" என்று கோப்பு அறைக்கு அழைத்துப்போனேன். உட்கார நாற்காலி போட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"மிஸ் ஆர்லீன், கதவு தெறக்க மாட்டேங்குது."

"அந்தக் கைப்பிடி அப்படித்தான் கண்ணு. இரு, சாவியப் பாக்குறேன்."

"சரிங்க."

அவள் அப்புறம் கதவைத் தட்டவில்லை. நாமாக இருந்தால் தட்டியிருப்போம். அவளுக்கு உள்ளே உட்கார்ந்து காத்திருந்து பழக்கம்.

ராய்ஸ் வாசல் மணியை அடித்தபோது நான்தான் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தேன். மெலிந்த, நன்றாகத் தலை வாரிய மனிதர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்கதான் போன் பண்ணீங்களா மேடம்?"

"ஆமா."

"ரொம்ப நன்றிங்க. பேசணும், அவ்வளவுதான்."

கோப்பு அறை எது என்று காட்டினேன். பிறகு வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கண்காணிப்பாளர் வருவதற்குள் மூன்றாம் வகுப்பைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. வேட் சன்னலோரம் உட்கார்ந்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்துத் தலைகளை எண்ணினேன். சத்தம் கேட்டபோது ஆசிரியை, கீழே யாரோ அலமாரியைத் தள்ளிவிட்டார்கள் என்றார். இரண்டாவது சத்தம் கேட்டபோது அவர் போய் வகுப்புக் கதவைச் சாத்தினார். கூடத்தின் கோடியில் ஐந்தாம் வகுப்பு இசைப் பயிற்சியில் இருந்தது. எல்லா வயலினும் நின்றன.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் எங்கேயும் ஓடவில்லை. உங்கள் ஆட்கள் வரும்வரை கவுண்டருக்கு எதிரே பெற்றோர் உட்காரும் பெஞ்சில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கின்ஸி பிள்ளைகள் அந்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஆனால் குடும்பத்தில் துக்கம் என்றால் வராத நாளும் வந்த நாளாகவே சேரும். விதி அப்படி. குழந்தைகள் நலத்துறை அவர்களை நகரத்துக்குள்ளேயே ஒரு வீட்டில் வைத்திருப்பதால் பெயரை நீக்க வேண்டியும் வரவில்லை. கண்காணிப்பாளர், இப்படி ஒரு சோகத்துக்கு நடுவிலும் பள்ளி ஒழுங்காக இருக்கிறது என்று டாக்டர் விட்லோவின் கையைக் குலுக்கிச் சொன்னார். எல்லா வகுப்பும் எல்லைக்குள் இருந்தது. ஒரு கறுப்புக் குழந்தையைக்கூட நாங்கள் திருப்பி அனுப்பவில்லை.

ரெய்னி அடுத்த திங்கள் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஷெரீஸ் பேர எடுத்துடுங்க மேடம்."

"ஏன் மிஸ்டர் ரெய்னி? அவ எடம் இப்ப உறுதியாயிடுச்சு. இனிமே யாரும் அசைக்க முடியாது."

"அந்தப் பொண்ணு டெஸ்ஸா எம்பொண்ணு பக்கத்துலதான் உக்காந்திருந்தா. சத்தம் கேட்டதும் 'அது எங்கம்மா'ன்னு சொல்லியிருக்கா. ஓடல, அழல. அப்படிச் சொல்லிட்டு வயலினப் பெட்டிக்குள்ள வெச்சு மூடியிருக்கா." அவர் குரல் தாழ்ந்தது. "எம்பொண்ணு ராத்திரில எந்திரிச்சு உக்காந்து அதையே சொல்றா. எங்க தெருப் பள்ளிக்கூடத்துல கூர ஒழுகுது. ஒழுகட்டும். அங்கயே போகட்டும்."

"இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின எடம்" என்றேன்.

"யாரு கஷ்டப்பட்டு மேடம்?" என்று கேட்டார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். நான் ஷெரீஸின் கோப்பை எடுத்துவைத்தேன், அவர் போய்விட்டார். நன்றிகெட்ட செயல் என்று அன்று எனக்குத் தோன்றியது. யாருக்காக நான் இத்தனையும் செய்தேனோ அவரும் கடைசியில் எழுந்து போகிறவர்தான். ஷெரீஸின் இடத்துக்கு அன்று மதியமே காத்திருப்பவர்களிலிருந்து வேறொரு பிள்ளையைச் சேர்த்துவிட்டேன். கறுப்பர் பக்கத்து நாற்காலி ஒன்றுகூட என் காலத்தில் ஒரு நாள் காலியாகக் கிடந்ததில்லை.

கதவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கைப்பிடி உடைந்திருந்ததால் அவள் தற்செயலாக உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதையும் திருத்திவிடுங்கள். சும்மா சாத்தினால் அந்தக் கதவு முழுவதும் மூடாது. வெளியிலிருந்து சாவியைத் திருப்பினால்தான் மூடும். நான் திருப்பினேன். அவள் கூப்பிட்டபோது சாவி என் ஸ்வெட்டர் பையில் இருந்தது. அவர் வந்ததும் அதை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பேச மட்டுமே வந்தார் என்று நம்பினீர்களா என்றும் கேட்டீர்கள். அன்று நல்ல வெயில். அக்டோபரில் அப்படி ஒரு வெயில் எப்போதாவதுதான் அடிக்கும், வேலிப் பக்கம் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு விளையாடினார்கள். அவர் கனமான ஜாக்கெட் போட்டிருந்தார். அதன் வலது பை கீழே இழுத்துத் தொங்கியது. கவுண்டரில் இத்தனை வருடம் நின்றவளுக்கு, வருகிறவர் எதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்க்கத் தெரியும். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். அவள் போகாமல் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் அப்போது எனக்கு இருந்தது.

டாக்டர் விட்லோவை இனி தொந்தரவு செய்யாதீர்கள். பள்ளியையும் இதில் இழுக்க வேண்டாம். பிள்ளைகள் படிக்கிற இடம். என்னைப் பற்றி நாளைக்குப் பேப்பரில் என்னென்னவோ எழுதுவார்கள், எனக்குத் தெரியும். எண்ணிக்கைக்காக இதைச் செய்தாள் என்பார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தப் பிள்ளையையும் நான் ஓர் எண்ணாகப் பார்த்ததே இல்லை. ஒவ்வொருவரையும் என் சொந்தப் பிள்ளையாகத்தான் பார்த்தேன்.

அந்த மூன்று பேரின் பெயரும் எழுத வேண்டுமா? எழுதிக்கொள்ளுங்கள். மூத்தவள் டெஸ்ஸா. அடுத்தவன் வேட். சின்னவள்... சின்னவள் முதல் வகுப்பு, பெண், வெள்ளை. பெயர் இப்போது வந்துவிடும், சற்றுப் பொறுங்கள்.